கல்லுக்கு ஒரு பிஸ்கட்

பெரிய சனி, பின்னேரம் மூன்று மணி.
கொட்டாஞ்சேனை ஃபிளட், மூன்றாம் மாடி.
குழாயில் தண்ணீர் வரும் வரைக்கும் வேறு வேலை இல்லை.
போன கிழமைப் பேப்பரை நிலத்தில் விரித்துவிட்டேன்.
சுற்றிலும் மூன்று பிள்ளைகள்:
என் அன்ரோ, என் செரோமி,
எதிர்வீட்டு ஹிக்மா.
பெருநாளுக்கு இட்ட மருதோன்றி இன்னும்
அவள் நக நுனிகளில் பிறை பிறையாய்.

முதலில் முட்டை.
ஊசியால் இரண்டு பக்கமும் துளை,
மேல் துளையில் வாய் வைத்து ஊது.
அன்ரோ ஊதுகிறான், கன்னம் பலூன்.
கீழே ஒரு மஞ்சள் சொட்டு எட்டிப் பார்த்து
திரும்ப உள்ளே போகிறது.
"அம்மா, அதுக்கு வெக்கம்."
நாலு கோதில் இரண்டு தப்பியது.
ஊதினதும் உடைந்ததும் எல்லாம்
பச்சை மிளகாயோடு இரவுக்கு ஆகும்.

சாயம் வாங்கவில்லை.
வெங்காயத் தோல் கொதித்த தண்ணீர் செங்கல் நிறம்.
பீற்றூட் றோஸ் தரும் என்று நினைத்தோம்,
வந்தது ஆறின புண்ணின் நிறம்.
செரோமிக்கு அதுதான் பிடித்தது.

டிஷு ரோல் மட்டையில் முயல்.
இரண்டாம் காது ஒட்டுவதற்குள் பசை காய்ந்துபோக
ஒற்றைக் காதோடு நின்றது.
கொட்டாஞ்சேனையில் முயலை யார் கண்டது?
ஹிக்மா அந்தக் காதைப் பிய்த்து வாலாக்கினாள்,
முதுகில் மூன்று கோடு இழுத்து
அணில் என்றாள்.
உயிர்ப்பு அணில்.
யாரும் மறுத்துப் பேசவில்லை.

பிறகு கல்லறை.
அன்ரோவின் பள்ளிச் சப்பாத்துப் பெட்டி,
அதன்மேல் பிளேன்டியில் நனைத்துக் கசக்கின தாள்:
காய்ந்தால் பாறை.
வாசல் வெட்டக் கத்தரிக்கோலை வைத்த நேரம்
கீழே யாரோ, வருஷத்துக்கு வாங்கி மிஞ்சின
சீனவெடியைக் கொளுத்தினார்கள்.

என் கை நின்றது.
தெரியாமலே எண்ணினேன், ஐந்து, ஆறு.
பிள்ளைகள் தலை நிமிரவில்லை.
செரோமி அந்த ஞாயிறு பிறந்திருக்கவில்லை.
அன்ரோ என் இடுப்பில் இருந்தான்,
இரவெல்லாம் காய்ச்சல்,
அதனால் பூசைக்குப் பிந்தினோம்.
அவனுக்கு இன்னும் சொல்லவில்லை.
வாசலை வட்டமாய் வெட்டி முடித்தேன்.
கொஞ்சம் கோணல்.

கல்லுக்கு என்ன செய்வது?
ஹிக்மா ஓடிப்போய் ஒரு மாரி பிஸ்கட் கொண்டுவந்தாள்.
அளவெடுத்த மாதிரி பொருந்தியது.
"ஒட்ட வேணாம் அன்ரி, நாளைக்குத் திறக்கோணுமே."
அவளே கேட்டாள்: "உள்ளுக்கு என்ன வைக்கிறது?"
"ஒண்டுமில்லை" என்றான் அன்ரோ.
"ஒண்டுமில்லாததுக்கா இவ்வளவு வேலை?"
நான் ஒரு பதிலைத் தேடி எடுக்க முதல்
தண்ணீர் வந்துவிட்டது.

விடிய எழும்பிப் பார்த்தால் கல்லைக் காணவில்லை.
கல்லறை வாசலில் இருந்து மேசைக் கால் வரை
எறும்புகள், ஆளுக்கொரு துணுக்கு.
செரோமியின் கன்னத்திலும் ஒரு துணுக்கு.
நான் விசாரிக்கவில்லை.

கோயில் வாசலில் வரிசை. பைச் சோதனை.
இராணுவத் தம்பிக்கு இருபது வயது இருக்குமா,
மீசை இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது.
என் கைப்பை, தண்ணீர்ப் போத்தல், குடை,
பிறகு அன்ரோ இரண்டு கையாலும் நீட்டின பெட்டி.
முட்டை ஒன்றைத் தூக்கினான்.
பாரமில்லாததில் திடுக்கிட்டு
அடுத்ததை இன்னும் மெதுவாகத் தொட்டான்.
அணிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
கடைசியில் குனிந்து, ஒரு கண்ணை மூடி,
கல்லறைக்குள் டோர்ச் அடித்தான்.

எங்களுக்குப் பின்னால் வரிசை முழுக்க நின்றது.

"மொக்குத் நே" என்றான்,
ஒன்றும் இல்லை, போகலாம் என்று கையைக் காட்டி.

படியேறும்போது அன்ரோ என் சேலையை இழுத்தான்.
"அம்மா, அவருக்கும் தெரியும்."